சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

என் சரோஜாக்கா,

நீ போயி மூணு வருஷமாச்சு. இந்தக் கடுதாசி உனக்குத்தான். ஆனா பத்திரிகைக்கும் அனுப்பப் போறேன். நீ இருந்தா, "நம்ம வீட்டுக் கதை ஊருக்கு எதுக்கு புள்ள?"ன்னு தடுத்திருப்ப. இந்தத் தடவை உன் பேச்சைக் கேக்குறதா இல்ல.

போன வாரம் பதுளையில எங்க பதிவாளர் ஆபீஸ்ல இன்டர்நெட் பக்கம் திறந்தாங்க. குத்துவிளக்கு, மாலை, பால்சோறு எல்லாம் இருந்துச்சு. இனி அலைச்சல் இல்லை, வீட்டிலிருந்தபடியே பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்னு பேசினாங்க. எல்லாரும் கை தட்டினாங்க, எனக்குக் கை வரல. மடுல்சீமையில எந்த வீட்டிலிருந்தபடியேக்கா? நம்ம லயத்துல ஒரே கூரைக்குக் கீழ பன்னெண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், தேயிலைத் தோட்டத்துக்கே ஒரு டெலிபோன், அதுவும் தொரை ஆபீஸ்ல. தமிழ்ப் பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன். "விரைவில்"னு வருது.

அந்த ஆபீஸுக்கு முதமுதல்ல கம்ப்யூட்டர் வந்தப்ப நான் எப்படிக் குதிச்சேன்னு உனக்குத் தெரியும். லயத்துல பொறந்த புள்ள டைப் அடிக்கிறவளா சேர்ந்திருக்கேன். அந்த ரூமுக்குக் கார்பெட் போட்டு, ஜன்னலுக்குத் துணி போட்டு, ஏசி மாட்டினாங்க. நம்ம மடுல்சீமைக் குளிரை அப்படியே உள்ள கொண்டாந்து வச்சிருக்காங்கன்னு சொன்னேன், நீ விழுந்து விழுந்து சிரிச்ச. தூசி பட்டா மெஷின் கெட்டுப்போகும்னு செருப்பு சப்பாத்தெல்லாம் கழட்டச் சொல்லிக் கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. சிங்களத்துல மட்டும் இருந்துச்சு. தமிழ்லயும் இருக்கணும்னு சண்டை போட்டு, என் கையால எழுதி ஒட்டினவ நான்தான். வீட்டுக்கு வந்து அதையும் பெருமையா சொன்னேன்.

அந்த வருஷந்தான் உன் கால் கம்பி தேஞ்சு போச்சு. சின்ன வயசுல வந்த போலியோவுக்குப் போட்டது. தொடை வரைக்கும் ரெண்டு பக்கமும் இரும்பு, தோல் பட்டி, அடியில சப்பாத்து, எல்லாம் ஒண்ணாச் சேர்ந்தது. அதோடதான் நீ புள்ளக்காம்பராவுல நின்னு, கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்களோட இருபது குழந்தைகளைப் பார்த்துக்கிட்ட. புதுசுக்கு அளவு எடுக்கக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அடையாள அட்டை இல்லாம நம்ம ஆளுக வழியில எந்த ஆமிச் செக்பாயின்டைத் தாண்டுறது? அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணும். பழைய புத்தகத்துல பார்த்து எழுதிக் குடுக்கிறதை நிறுத்திட்டாங்க. ஆள் நேர்ல வந்து, கம்ப்யூட்டர் திரையில பேரைப் பார்த்து, கையெழுத்துப் போடணும்.

விடியக் காலையில கிளம்பி, ரெண்டு பஸ் மாறி வந்தியேக்கா. நான் உள்ள மெஷின் முன்னால உக்காந்திருந்தேன். நீ கதவுகிட்ட நின்னு நோட்டீஸை வாசிச்சிட்டு என்னைப் பார்த்த. கம்பியைக் கழட்டணும்னா அத்தனை பேர் முன்னாடி பாவாடையைத் தொடை வரைக்கும் தூக்கணும். கழட்டினா நடக்க முடியாது, தவழ்ந்துதான் வரணும்.

ஆபீஸ் மேலதிகாரி சார்கிட்ட சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், படிச்ச மனுசன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் தங்கச்சி. இவவை விட்டா நாளைக்கு எல்லாரும் சப்பாத்தோட வருவினம்"னார். கோவிச்சுக்கூடச் சொல்லல, பைலைப் புரட்டிக்கிட்டே சொன்னார்.

அப்ப நான் என்ன செஞ்சேன்? எந்திரிச்சு வந்தேனா? வேலையில சேர்ந்து மூணு மாசந்தான், பயம். உக்காந்த இடத்துலயிருந்தே, "அக்கா, கழட்டிட்டு வாயேன், நாலு எட்டுதானே"ன்னேன். நீ, "நீ வேலையைப் பாரு புள்ள, நான் இன்னொரு நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டுத் திரும்பின. உன் கம்பிச் சத்தம் வராந்தா கடைசி வரைக்கும் கேட்டுச்சு. இப்பவும் எனக்குக் கேக்குது.

தாளை அச்சடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிட்டு வரட்டுமான்னு சாயங்காலம் சார்கிட்ட கேட்டேன். அது முறை இல்லைன்னார். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்க்கா. நூறு தடவை கேட்டிருக்கணும்.

ஒன்றரை மாசங்கூட ஆகல. அடைமழையில புள்ளக்காம்பராப் படியில பட்டி அறுந்து விழுந்த. இடுப்பு எலும்பு முறிஞ்சு, கொழுந்து லொறியில படுக்க வச்சுப் பதுளைக்குக் கொண்டாந்தாங்க. சளி நெஞ்சுல கட்டி, பத்தாம் நாள் எங்களை விட்டுட்டுப் போயிட்ட. பெட்டியில வைக்கிறப்பவும் கம்பியைக் கழட்டச் சொன்னாங்க. நான்தான் கழட்டினேன்.

உன் மரணச் சான்றிதழை அதே மெஷின்ல நானே அடிச்சேன். ஒரு மணி நேரம் ஆகல, கையில வந்துருச்சு. அதுக்கு நீ நேர்ல வந்து திரையைப் பார்க்க வேண்டியதில்லையாம். இந்த நாட்டுல உன் பேருக்குக் கம்ப்யூட்டர் குடுத்த ஒரே தாள் அதுதான்.

மெஷின் மேல எனக்குக் கோவம் இல்ல. அதுக்குச் சப்பாத்தும் தெரியாது, காலும் தெரியாது. மெஷினுக்குத் தூசி படக்கூடாதுன்னு யோசிச்ச மனுசங்களுக்கு, நடக்க முடியாதவ எப்படி உள்ள வருவான்னு யோசிக்கத் தோணலையே. இன்டர்நெட் பக்கம் செஞ்சவங்களும் அவங்கதானே. நானும் அதுல ஒருத்தி.

விழா முடிஞ்ச அன்னைக்கே கதவு நோட்டீஸைக் கிழிச்சுட்டேன், ரெண்டு பாஷையையும். திங்கக்கிழமை உன் கம்பியைப் பையில கொண்டுபோய், அந்தக் கார்பெட் மேல, என் மேசைக்குப் பக்கத்துல நிப்பாட்டி வச்சேன். சார் வந்து பார்த்துட்டு, "இதென்ன?"ன்னு கேட்டார்.

"எங்க அக்காவோடது சார். மூணு வருஷமா வெளியே நிக்குது."

அவர் எடுக்கச் சொல்லல. மத்தியானம் வந்து, "தமிழ்ப் பக்கத்தை நீரே எழுதித் தாரும்"னு ஒரு தாளை வச்சிட்டுப் போனார்.

எழுதுறேன்க்கா. "உள்ளே வர முடியாதவர்களிடம் நாங்கள் வருவோம்" அப்படின்னு முதல் வரி போட்டிருக்கேன். வெட்டினா திரும்ப எழுதுவேன். இனிமே கதவுகிட்ட யார் நின்னாலும் நான் உக்காந்த இடத்துலயிருந்து பேச மாட்டேன், எந்திரிச்சுப் போவேன். வேலை போனா போகட்டும். இது உனக்குக் குடுக்கிற வாக்கு.

வாசல்ல வச்சு உன்னைக் கழட்டச் சொன்ன
உன் தங்கச்சி,
மல்லிகா