புகை ஒத்துக்காதவள்

நேற்று மாலை என் மகள் தோழிகளோடு ரிங் ரோட்டுப் பக்கம் சாப்பிடப் போய்வந்தாள். வந்ததும் துப்பட்டாவை உருவி என் மூக்கருகே நீட்டினாள். “மோந்து பாரும்மா. விறகு அடுப்புலதான் எல்லாமே செய்றாங்க. செம வாசம்ல?”

மோந்து பார்த்தேன். விறகு சரியாகக் காயவில்லை. அதை அவளிடம் சொல்லாமல், “நல்லா இருக்கு” என்றேன். அவள் உள்ளே போனதும் துப்பட்டாவைத் துவைக்கப் போட மனம் வரவில்லை. நாற்காலியில் விரித்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோது நாம் கடிதம் எழுதிக்கொண்டவர்கள் இல்லை. பேசியே தீர்க்கலாம் என்று இருந்துவிட்டோம்.

உனக்கு அந்த இடம் நினைவிருக்கும். திருநகரைத் தாண்டி, திருமங்கலம் ரோட்டில், பழைய அரிசி மில் ஒன்றை உணவகமாக மாற்றியிருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். மதுரையில் அதுமாதிரி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கல்லூரி முடித்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, உன் நாத்தனார் மகளைச் சேர்க்க நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு வந்திருந்தாய். அலுவலக வாசலில் என்னைப் பார்த்ததும் விண்ணப்பத்தை அந்தப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாய். “உன்னைய விடமாட்டேன். ஒரு நாள் சோறு வாங்கித் தரணும்” என்றாய். அடுத்த வாரமே ஸ்கூட்டியில் ஆனையூரில் என் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டாய்.

உள்ளே நுழைந்ததும் சுவரோரம் விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் விளக்குப் போட்டிருந்தார்கள். “விறகுக்கு லைட்டாடி?” என்றேன். “சும்மா வா. கொறை சொல்லவே பொறந்தவ” என்றாய். சமையலறைக்குச் சுவர் இல்லை. மண் பூசிய பெரிய அடுப்பு, குகை மாதிரி வாய் திறந்து, உள்ளே தீ. அதற்கு முன்னால் கறுப்புச் சட்டைக்காரர்கள் மூவர் நீளக் கரண்டியோடு நின்றார்கள். இந்த ஊர்ச் சாப்பாட்டையே புது மாதிரி செய்கிறோம் என்று அட்டையில் போட்டிருந்தது. சுட்ட கத்தரிக்காயில் புளியும் நல்லெண்ணெயும். கம்பு ரொட்டி. கறிவேப்பிலை அரைத்த வெண்ணெயோடு நாட்டுக்கோழி. கருப்பட்டியில் புரட்டிய சக்கரவள்ளி. குழம்பைக் காபி குடிக்கும் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தபோது நீ எட்டிப் பார்த்து, “இது குழம்பா, கண்ணுக்கு ஊத்துற மருந்தா?” என்று கேட்டாய். பரிமாறியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“எல்லாத்தையும் நடுவுல வச்சு ஷேர் பண்ணிச் சாப்பிடணும் மேடம். தனித்தனி பிளேட்டு கிடையாது” என்றார் அவர்.

கத்தரிக்காய் வந்தது. தோல் கருகி, உள்ளே குழைந்து, புகை ஏறியிருந்தது. கொஞ்சம் தூக்கலாகவே. ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி அதில் தோய்த்து நான் கையில் வைத்திருந்தேன். நீ பேசிக்கொண்டே, பார்க்காமலேகூட, என் விரலிலிருந்து அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய்.

ஒன்றுமில்லாத காரியம். ஆனால் அந்தக் கை அப்படி நீளுமா என்று மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

கல்லூரியில் ஒரே பெஞ்சு நமக்கு. மதியம் வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறப்போம். உன் வீட்டு எலுமிச்சைச் சோற்றிலிருந்து முதல் பிடி எனக்கு வரும். வேண்டாம் என்றாலும் விடமாட்டாய். நான் என் டப்பாவை உன் பக்கம் நகர்த்தினால், மூக்கை லேசாகச் சுருக்கிச் சிரிப்பாய். “விறகடுப்புச் சோறுடி. எனக்குப் புகை ஒத்துக்காது.” கோபமாகச் சொன்னதே இல்லை. தலைவலிக்கு மாத்திரை வேண்டாம் என்பதுபோல இயல்பாகச் சொல்வாய்.

இதை எல்லாம் அந்த மேஜையில் பேச நான் வரவில்லை. ஆனால் நீ ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோது என் வாய் தானாகச் சொன்னது.

“ஒனக்குத்தான் புகை ஒத்துக்காதே.”

நீ மெல்வதை நிறுத்தினாய். “என்னடி?”

“காலேஜ்ல சொல்லுவியே. இங்கன புகைக்குன்னே வந்து உக்காந்திருக்கோம்.”

அந்த நேரம் பார்த்துப் பரிமாறுபவர் கண்ணாடிச் சாடியோடு வந்தார். “மோர் மேடம். தணல்ல காட்டுனது. இத நான் தெறக்கும்போது நல்லா மூச்சை இழுக்கணும்.” மூடியைத் தூக்கினார். உள்ளே அடைபட்டிருந்த புகை நம் இருவர் முகத்திலும் அடித்தது. அவர் நம்மை மாறி மாறிப் பார்த்தார். “எப்டி இருக்கு மேடம்?” நீ என்னையே பார்த்தாய். பாவம், அவர் மூடியோடு போய்விட்டார்.

நீ மோர்ச் சாடியை ஓரமாக நகர்த்தினாய். பிறகு சொன்னாய்.

“அது புகை இல்லடி. ஒனக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“காலேஜ்ல சேர்ந்த மொத வாரமே ஒங்க ஊரு எது, எந்தத் தெருன்னு எங்கம்மா கேட்டுட்டாங்க. சொன்னேன். அவ கூடப் பேசு, படி, ஆனா அவ வீட்டுச் சோத்துல கை வைக்காதன்னாங்க. தெனம் சாயங்காலம் கேப்பாங்க. எனக்கு அம்மாகிட்டப் பொய் சொல்ல வராது. அதான் அந்தப் பொய்ய உங்கிட்டச் சொன்னேன்.”

கணக்குப் பாடத்தில் தவறிய இடத்தைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாய். அதனால்தான் என்னாலும் மீதியைச் சொல்ல முடிந்தது.

எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு அது பழகிப்போயிற்று. ஆனால் நான் செய்த பிழை, நீ சொன்னதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னது. அம்மா தினமும் ஒரு கை கூடுதலாக வைத்து அனுப்புவாள். “ஒஞ் சேக்காளிக்கும் சேத்து வச்சிருக்கேன்.” அது மிச்சமாகவே திரும்பி வர, ஒருநாள் என்ன என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “அவளுக்குப் புகை வாசம் ஆகாதாம்மா” என்றேன்.

என் அம்மாவிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. எங்கள் தெருவில் புகையாத அடுப்பு அவளுடையதுதான். கருவேல விறகை ஓட்டின்மேல் மாதக்கணக்கில் காயப்போடுவாள். விரல் கனத்துக்குப் பிளப்பாள். காற்றுப் போக இடம்விட்டு அடுக்குவாள். ஊதுகுழலை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பு புகைந்தால் பொம்பளைக்குக் கவனம் இல்லை என்று அர்த்தம் என்பாள். அவள் அன்று என் டப்பாவை மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள். “எனக்குத் தெரியலையே. டவுனுப் பிள்ளைக்குத் தெரியுமோ என்னமோ” என்றாள்.

அடுத்த மாதம் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. என் மதியச் சோறு மட்டும் அதில். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் களையெடுப்புக்குப் போகாமல் வரிசையில் நின்றாள். டிகிரி முடிக்கும்வரை நின்றாள். ஸ்டவ்வில் வைத்த பிறகும் அந்தக் கூடுதல் கைச் சோற்றை நீ தொடவில்லை. அதை நான் பஸ் ஸ்டாண்டில் தின்றுவிட்டு, நீ தின்றதாகச் சொல்லத் தொடங்கினேன். “பாத்தியா? புகைதான்” என்று அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம்.

இதைச் சொல்லி முடித்தபோது சக்கரவள்ளி ஆறிப்போயிருந்தது. உணவகத்தின் சொந்தக்காரர், வெளிநாட்டில் சமையல் படித்தவராம், மேஜை மேஜையாக விசாரித்துக்கொண்டு வந்தார். “புகை கொஞ்சம் தூக்கலாத் தெரியுதா? அதுதான் நம்ம ஸ்பெஷல்.” நீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாய். “அடுப்பு நல்லாருந்தா புகை வராதுங்க” என்றாய். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நீ கைப்பையை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாய்.

“அம்மா ஊர்லதான இருக்காங்க? எந்திரி. போவோம்.”

“இப்பயா? வயிறு முட்டத் தின்னுருக்கோம்.”

“எந்திரிங்கிறேன்ல.”

கீழக்குயில்குடி மலையை ஒட்டி அந்தப் பக்கம் எங்கள் ஊர். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் ஒரு இடத்தில் வண்டியை மெதுவாக்கி, “அம்புட்டு வருசமா வரிசைல நின்னாங்கடி?” என்றாய். நான் உன் முதுகைத் தட்டி ஓட்டச் சொன்னேன்.

அம்மா வாசலில் மல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்தாய். “அட, நம்ம சேக்காளிப் பிள்ளையா? வா தாயி. இரு, இந்தா ஒரு நிமிசத்துல வைக்கிறேன்.” சாப்பிட்டாயிற்று என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நீ கொல்லைப்புறத்து விறகடுப்பைப் பார்த்துவிட்டு, “அதுலயே வைங்கம்மா. எனக்கு அதுல வச்சதுதான் வேணும்” என்றாய்.

அம்மா அடிபட்டதுபோல நின்றாள். “விருந்தாளிக்கு விறகுலயா? கேஸு வந்து ரெண்டு வருசமாச்சு தாயி. எங்கள என்னன்னு நெனச்ச?”

முருங்கைக்கீரை, தக்காளி ரசம், இரண்டு முட்டை. சுடச்சுடச் சோற்றைத் தட்டில் போட்டு உன் கையில் கொடுத்தாள். எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “கேஸுலதான் வச்சேன். புகை வாசமே இருக்காது. பயப்படாமச் சாப்பிடு.”

நீ தட்டைக் கீழே வைத்தாய். “அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்தேன். அழுத்தியே பிடித்தேன். நீ என்னைப் பார்த்தாய். அம்மாவைப் பார்த்தாய். பிறகு பிசைந்து சாப்பிட்டாய். ஏற்கெனவே நிறைந்த வயிற்றோடு, “இன்னுங் கொஞ்சம் வைங்கம்மா” என்று இரண்டு முறை வாங்கினாய்.

அதற்குப் பிறகு நீயாகவே வந்துபோகத் தொடங்கினாய். சில நாள் நான் இல்லாமலும். கேஸ் தீர்ந்திருந்தால் அம்மா பக்கத்து வீட்டில் சிலிண்டர் இரவல் வாங்குவாள். உனக்கு விறகு மட்டும் கிடையாது. ஒரு பொங்கலன்று தெருவே வாசலில் அடுப்பு மூட்டியபோது, உனக்கு ஆகாதென்று உன்னை வீட்டுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். பொங்கி வந்ததும் நாங்கள் குலவையிட்டோம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உன் முகம். நான் கிட்டே வந்தபோது சிரித்தாய். “எனக்கு நல்லா வேணும்டி இது.”

சிரித்துத்தான் சொன்னாய். ஆனாலும் கேட்டாய்: “நான் சொல்லிரட்டா?” நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். தன் பிள்ளைபோல் நினைப்பவளிடம் போய் இதைச் சொல்வதா, அவள் மனசு என்ன ஆகும் என்றேன். நான் அப்படித்தான் நம்பினேன். இப்போது யோசித்தால், அம்மாவின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத்தான் துணிவில்லை. உன் பொய்யோடு சேர்த்து என் பொய்யும் வெளியே வந்திருக்கும்.

உன் ரத்தத்தில் என்னமோ என்று சொன்னார்கள். எட்டு மாதம்கூட நீ இருக்கவில்லை. சேதி சொல்ல நான் ஊருக்குப் போனேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: “சின்னதுலருந்தே நொய்ஞ்ச ஒடம்பு. ஒரு வாய்ப் புகை தாங்காதே அதுக்கு.” சற்றுப் பொறுத்து, தனக்குத்தானே சொல்வதுபோல, “நான் ஆரம்பத்துலயே ஸ்டவ்வு வாங்கிருக்கணும்” என்றாள்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் அடுப்பில் ஒரு நாளும் பழுது இருந்ததில்லை என்று அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் நீ அன்று தட்டைக் கீழே வைத்தாய். உன் மணிக்கட்டின் துடிப்பு என் விரலுக்கு இன்னும் தெரிகிறது. அந்த மன்னிப்பு நீ அம்மாவிடம் கேட்க இருந்தது, என்னிடம் அல்ல. அதைத் தடுக்க எனக்கு உரிமையும் இருக்கவில்லை. “அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு” என்பதோடு நின்றுபோன உன் பேச்சு இத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அம்மா சோறு வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். நீ நிறுத்திய இடத்திலிருந்து நான் சொல்ல வேண்டும்.