பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

அக்கா,

நேற்று முகையூர்ப் பக்கம் ஒரு பழைய லாரியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். புதுப் பெயிண்ட் வெயிலில் மினுங்கியது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கினேன். தின்னர் நெடிக்கு அடியிலிருந்து ஈரமும் துருவும் கலந்த வாடை மெல்ல மேலே வந்தது. வாங்க வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உங்கள் நினைப்புதான். நீங்கள் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் ஒரு லாரி ஷெட்டில் பெயிண்டராக இருந்தேன். ஷெட்காரர் பழைய வண்டிகளை வாங்கிப் புதுசுபோல ஆக்கி விற்கும் தரகர். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் செய்வதற்குப் பல நாள் பிடிக்கும். ஓட்டைக்குள் சாக்குத் துணியைத் திணித்து, மேலே பட்டி என்கிற பசையைக் கனமாகப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க மூன்று நாள் போதும். எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. தகடு எங்கே முடிந்து பட்டி எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, அக்கா.

அந்தப் பச்சை லாரி பல வருஷம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகிக் கேபின் தரையெல்லாம் அரித்திருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் தாங்கும் தூண், விரலால் அழுத்தினாலே நொறுங்கியது. அதையும் மூடினேன்.

நீங்கள் உங்கள் தம்பி ஏழுமலையோடு வந்தீர்கள். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலையும் நெல்லும் வாங்கி விற்கும் அக்கா என்று தரகர் சொல்லியிருந்தார். ஏழுமலை இஞ்சினையும் டயரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பச்சைக் கறை படிந்திருந்த என் கையைப் பார்த்தீர்கள்.

"நீதான் பெயிண்ட் அடிச்சதா?"

"ஆமாங்க்கா."

"அப்போ உள்ள இன்னா இருக்குன்னு உனுக்குத்தான் தெரியும். எங்க தம்பி இத்தினி நாளா அடுத்தவன் வண்டிய ஓட்டிக்கினு கெடந்தான். இதான் எங்களுக்கு மொத வண்டி. நம்பி ஏறலாமா, சொல்லு."

தரகர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆனால் அவர் என்னை மிரட்டவில்லை, கண்கூடக் காட்டவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"நல்ல வண்டிக்கா. தைரியமா எடுங்க."

மழைக்காலம் தொடங்கிச் சில நாளில், டீக்கடையில் ஒரு டிரைவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு பச்சை லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியதாம். கதவு தூணோடு பிய்ந்து ரோட்டில் விழுந்ததாம். கதவில் சாய்ந்திருந்த டிரைவரும் கூடவே விழுந்தாராம்.

"ஆளு இருக்காரா?" என்று கேட்டேன்.

"கை ஒடிஞ்சிபோச்சி. பின்னால எந்த வண்டியும் வரல, பொழச்சிக்கினாரு."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்தேன். உங்கள் கிடங்கை விசாரித்துக் கண்டுபிடித்தேன். நீங்கள் வாசலில் நெல் மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி, அதன் குழியில் வந்த நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா, அந்தத் தூண்ல இரும்பே கெடையாது. சாக்குத் துணிய வெச்சி பட்டி பூசனது நான்தான். தெரிஞ்சிதான் நல்ல வண்டின்னு சொன்னேன்."

கையில் மாவுக்கட்டோடு உள்ளேயிருந்த ஏழுமலை எழுந்து வந்துவிட்டார். "யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா? எனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுய்யா!" என்று கத்தினார். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். என்னைத் திட்டவில்லை. குத்தூசியை என் கையில் கொடுத்தீர்கள். வண்டி கிடங்குக்குப் பின்னால், கதவில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"எங்கெங்க மூடி வெச்சியோ, அங்கெல்லாம் குத்து. நான் பாக்கணும்."

குத்தினேன், அக்கா. கேபின் தரையில் குத்தினேன். கண்ணாடிக்குக் கீழே, படிக்கட்டுக்கு மேலே, இன்னொரு பக்கத் தூணில் குத்தினேன். ஊசி எங்கேயும் நிற்கவில்லை. நெல் வரும் குழியில் துருத்தூளும் சாக்கு நாரும் வந்தன. நான் பார்த்துப் பார்த்து வழவழப்பாக்கிய இடங்கள் எல்லாம் அவை. நீங்கள் ஒவ்வொரு இடமாகக் கூடவே வந்தீர்கள்.

"இன்னும் இருக்கா?"

"அடியில குறுக்குச் சட்டம் ஒண்ணு இருக்குக்கா. அதுக்குக் கருப்புப் பெயிண்ட் அடிச்சி மறைச்சிட்டேன்."

"அதையும் சேத்துக்க. எப்போ ஆரம்பிக்கிற?"

அன்றோடு ஷெட் வேலையை விட்டேன். வெல்டிங்குக்கு உள்ளூரிலேயே ஒருவரைப் பிடித்தீர்கள். அவர் வெட்டிக்கொண்டே போனார். இது போதும் என்று அவர் நிறுத்திய இடத்தில் நான் சுத்தியலால் தட்டுவேன். சத்தம் மொத்தையாகக் கேட்டால் இன்னும் வெட்டச் சொல்வேன். கணீரென்று கேட்ட பிறகுதான் புதுத் தகடு வைத்தோம். தண்ணீர் வடிய வேண்டிய துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். முன்பு அவற்றையும் பட்டியால் அடைத்தது நான்தான். மத்தியானம் உங்கள் ஆட்களோடு சேர்த்து எனக்கும் கேப்பைக் கூழ் ஊற்றினீர்கள். ஏழுமலை மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே வந்து, நல்லாயிருந்த கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டார். "பட்டி இல்லாம உனுக்கு வேலையே தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். நான் சிரித்தேன். அந்த மாதத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் கை சரியாகி, முதல் லோடு திருவெண்ணெய்நல்லூரிலிருந்து நெல். புறப்படும்போது நீங்கள் என்னைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றீர்கள். ஏறினேன். விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் அதே பள்ளம் வந்தபோது மழையும் பிடித்துக்கொண்டது. வண்டி இறங்கி ஏறியது. கதவு ஆடவில்லை, தரை முனகவில்லை. ஏழுமலை வேண்டுமென்றே முழங்கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு, "இன்னாபா, கல்லு மாதிரி நிக்குது!" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்த்தாரா, தெரியாது.

அதற்குப் பிறகு உங்களிடம் யார் வந்து பழைய லாரி வாங்கப் போகிறேன் என்றாலும், "பெயிண்டரக் கூட்டிக்கினு போ" என்று என் பெயரைச் சொன்னீர்கள். அப்படி வந்ததுதான் இந்தப் பிழைப்பு. புதுக் கருப்புப் பெயிண்ட் அடித்த சேசிஸைச் சந்தேகப்படு, துணியில் சுற்றிய காந்தத்தைத் தூணில் வைத்துப் பார், ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி என்று நான் சொல்வதை இந்தப் பக்கத்து டிரைவர்கள் இன்று ஏதோ பெரிய வித்தைபோலக் கேட்கிறார்கள். ஒளித்து வைத்தவனுக்குக் கண்டுபிடிப்பது கஷ்டமா, அக்கா?

உங்கள் காரியத்தன்று ஏழுமலை என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பின் தெரியாத வயதான வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அந்தப் பெயிண்டரா? வண்டி விசயத்துல பொய்யே பேசாத ஆளு ஒர்த்தன் இருக்கான்னு அக்கா எப்பவும் சொல்லுமே!"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் நகர்ந்த பிறகு ஏழுமலை மெதுவாகச் சொன்னார். "நீ மூடி வெச்ச பேச்ச வெளிய எடுக்கக் கூடாதுன்னு அக்கா அன்னிக்கே சொல்லிடுச்சி. எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குக்கூட தெரியாது."

நான் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னது உங்களிடம். என்னைப் பொய் சொல்லாதவன் என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் நீங்கள். அது எனக்கு அன்றுவரை தெரியாது. இனி அந்தப் பெயரைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முட்டி வலிக்கிறது. ஆனாலும் யாராவது கூப்பிட்டால் முதலில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறேன். வெளியே வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாக இருக்கிறது, அக்கா.