நாற்பத்தொன்றாம் எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஆண்டறிக்கையில் ஊழியர்களின் மதிப்பையும் எண்ணில் காட்ட வேண்டும் என்றார்கள். ஒருவர் இனி எத்தனை ஆண்டு உழைப்பார், எவ்வளவு ஈட்டித் தருவார் என்று மதிப்பிடும் சூத்திரத்தை நான்தான் எழுதினேன். பெயரைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று எல்லோருக்கும் வெறும் எண் கொடுத்தேன். கடைசியில் நிற்கும் பத்துப் பேர் போனால் சராசரி உயரும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன்.

மேலாளர் பெயர்ப் பட்டியலோடு வந்தார். "குறிப்பு பிரமாதம் மேடம், மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்தப் பத்துல வர்ற நாப்பத்தொண்ணு யாருன்னு பாத்தீங்களா?"

நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். மூன்று முறை சரிபார்த்தேன், அப்பா. கணக்கில் பிழையே இல்லை. இந்த மாதத்தோடு வேலை முடிகிறது.

பீரோவில் இருக்கும் என் பட்டச் சான்றிதழின் நகலை அனுப்புங்கள். அம்மா கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். ஞாயிறன்று போனில் வேலையைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுங்கள்.

அவசரமாக முடிக்கிறேன். 'ஊழியர்களே எங்கள் செல்வம்' என்று அறிக்கையின் முதல் வரியை மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகள்