அடியில் தங்கியது

மார்ச் 3, திங்கள்
அக்காவின் ஆட்டுப் புழுக்கையை இன்று ஆய்வகத் தலைவரே பார்த்தார். உப்புக் கரைசலில் கலக்கினார், மேலே மிதந்ததைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார், மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை. "ஒரு புழு முட்டைகூட இல்லம்மா. தீனி பத்தல" என்றார் அக்காவிடம். முடிந்தது கதை. நானும் அங்கே கால்நடை மருத்துவர்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாடைக்குக் கீழே நீர் கோத்து, கண்ணிமை வெளுத்து நிற்கிற ஆடுகளுக்குத் தீனி பத்தலையாம்! வெள்ளிக்கிழமை மந்தையையே கறிக்கடைக்குக் கொடுக்கப் போகிறாள் அக்கா. "சாகறதுக்கு முன்னாடி தள்ளிடறேன்டி" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 4
எனக்குச் சந்தேகம் ஈரல் தட்டைப்புழு மேல். அதன் முட்டை கனமானது. உப்புத் தண்ணீரில் மிதக்காது, அடிக்குப் போய்விடும். நாங்களோ அடியில் இருப்பதைத் தொட்டியில் கொட்டுகிறோம். தேடுவதையே கழுவி ஊற்றிவிட்டு இல்லை என்றால் என்ன நியாயம்? வெறும் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, வண்டலைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"உங்க அக்கா ஆடுங்கறதால உங்க கண்ணுக்கு எல்லாம் புழுவாத் தெரியுது" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மாலை
செய்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மார்ச் 5
காரணம் நான்தான். கோபத்தில் தெளியுமுன்னே தண்ணீரைச் சாய்த்துவிட்டேன். முட்டையும் அதோடு போயிருக்கும். அவரைத் திட்டிவிட்டு நானும் அதே தொட்டியில்தான் கொட்டியிருக்கிறேன் — போதாதா எனக்கு?

தலைவரிடம் போய் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட கையோடு போட்டிக்கும் கூப்பிட்டேன். அக்கா மந்தையோடு வேறு பண்ணைகளின் புழுக்கையும் சேரும். ஒவ்வொன்றிலும் பாதி அவர் உப்புக்கு, பாதி என் தண்ணீருக்கு. எது யாருடையது என்பது குடுவை கழுவும் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"தோத்தா வாயை மூடிக்கணும்" என்றார்.
"நீங்க தோத்தா?"
புழுக்கையைப் பிரிக்கச் சொல்லிப் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

மார்ச் 6
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தெளிகிற வரைக்கும் குடுவையைத் தொடவே இல்லை. வண்டலில் நீலச் சாயம் ஒரு சொட்டு. நீலத்துக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக முட்டைகள்! அதே புழுக்கை, அவர் தகட்டில் சுத்தம். பெரியம்மா எட்டிப் பார்த்து, "இது உங்க அக்காவோடதுதாம்மா" என்றார்.

இன்னொரு பண்ணையின் உருண்டைப்புழு முட்டைகளை அவர் உப்பு சுலபமாகத் தூக்கிவிட்டது. என் வண்டலில் அகப்படவில்லை. அதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன பயம்? "ரெண்டுமே பண்ணணும் சார். ஒண்ணை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் எழுந்து போய்விட்டார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "கறிக்கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லு. மருந்தோட வரேன்."
"உங்க ஆபீஸ்ல ஒண்ணும் இல்லேன்னாங்களே?"
"நானும் அந்த ஆபீஸ்தான்க்கா."

மார்ச் 21
இரண்டு ஆடுகள் செத்துப்போய்விட்டன. மற்றவற்றுக்குத் தாடை வீக்கம் வற்றிவிட்டது, முட்டி மோதிக்கொண்டு தின்கின்றன என்றாள் அக்கா. சொல்லும்போதுதான் அழுதாள்.

காலையில் தலைவர் என் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு குடுவைகள். ஒன்றில் உப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். தண்ணீர்க் குடுவையை அலுங்காமல் என் முன்னால் வைத்து, "அவசரப்பட்டுச் சாய்ச்சுடாதீங்க" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தெளிகிற வரைக்கும் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.