நான்கு விநாடி

1973 ஜனவரி 8

நிர்வாகவியல் மாலை வகுப்பில் இன்று முதல் நாள். கம்பெனி செலவில் அனுப்பியிருக்கிறார்கள். முப்பத்தாறு வயதில் திரும்பவும் பெஞ்சு. பேராசிரியர் கையில் புத்தகமே இல்லை. “நிர்வாகம் உங்கள் தெருவிலேயே நடக்கிறது. பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

ஜனவரி 11

கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டில் துலுக்கானத்தின் சலூன். ஒரே ஆள், ஒரே கத்தி, மூன்று நாற்காலி. உள்ளே நுழைகிறவர் முகத்தில் முதலில் சோப்பு நுரையைப் பூசிவிடுகிறார். பிறகு அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நுரை முகத்தோடு யார் எழுந்து எதிர்க்கடைக்குப் போவார்கள்? ‘வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் முறை’ என்று தலைப்புப் போட்டு வாசித்தேன். வகுப்பே சிரித்தது. நானும் இன்று நுரையோடு உட்கார்ந்திருந்தவன்தான் என்பதைச் சொல்லவில்லை.

ஜனவரி 16

மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு செங்கல்லைத் தன் இடத்தில் வைத்துவிட்டு வந்து, வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி சௌந்தரி. ‘பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தல்’ என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

“செங்கல்லு நோட்டெல்லாம் எழுதாது. வச்ச எடத்துல நிக்கும்” என்றாள்.

ஜனவரி 21, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி. கோயில் சுவருக்கு நீலமா, மஞ்சளா என்று இரண்டரை மணி நேரம். கடைசியில் அதை ஆராய ஒரு துணைக் கமிட்டி. தலைவர் நான்.

பிப்ரவரி 5

படிப்பு முடியுமுன் ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் இடத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை தரவேண்டும். முதலாளி கங்காதரன் தாமே ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கிக் கொடுத்தார்.

அம்பத்தூரில் நான் சூப்பர்வைசராக இருக்கும் ஷெட்டில் சைக்கிள் மணியின் மூடி செய்கிறோம். வேம்புலியின் பிரஸ் மெஷினை எடுத்துக்கொண்டேன். அவனுக்கு என் வயதுதான். எங்கள் தெருவுக்குப் பின்னால், ஏரிப் பக்கம் வீடு. தகட்டை வைப்பான், கை உள்ளே மாட்டாதபடி குறுக்கே ஒரு கம்பிக் கதவு இறங்கும், பெடலை மிதித்தால் அச்சு விழும், கதவு ஏறியதும் மூடியை எடுப்பான். மொத்தம் பதினோரு விநாடி. கதவு இறங்கி ஏறுவதற்கு மட்டும் நான்கு.

“இன்னா சார், ஓட்டப் பந்தயமா?” என்று கேட்டுச் சிரித்தான்.

பிப்ரவரி 19

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். ‘கம்பிக் கதவின் இயக்கத்துக்கு நான்கு விநாடி செலவாகிறது.’ அவ்வளவுதான் எழுதினேன். கதவைக் கழற்றலாம் என்று எழுதவில்லை. கழற்றக் கூடாது என்றும் எழுதவில்லை.

மார்ச் 2

கழற்றிவிட்டார்கள்.

“சார், ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால்?” என்று கேட்டேன்.

“வரும்போது மாட்டிக்கலாம். நீங்க எழுதினதுதானே ஜெயபால்?” என்றார் முதலாளி.

வேம்புலி அச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “கதவு இல்லாம கை கூசுது சார்.”

“ஜாக்கிரதையா பாத்து செய்” என்றேன். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? நிறைய சொல்லியிருக்கலாம்.

மார்ச் 17

ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரத்து அறுநூறு மூடி வந்த இடத்தில் இப்போது நாலாயிரம். வகுப்பில் என் அறிக்கைக்கு முதல் பரிசு. பேராசிரியர் எல்லார் முன்னிலையிலும் கை குலுக்கினார். சௌந்தரி கேசரி கிளறினாள்.

ஏப்ரல் 4

வேம்புலி கை.

ஏப்ரல் 5

நேற்று எழுத முடியவில்லை. காலை ஒன்பதே முக்கால். நான் பக்கத்து மெஷினில் இருந்தேன். அவன் கத்தவில்லை. “சார், மெஷின நிறுத்து சார்” என்றான், தண்ணீர் கேட்பதைப் போல. வலது கையில் சுண்டு விரல் மட்டும்தான் மிச்சம். என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி நாகவல்லி. “நீங்க பக்கத்துல கீறீங்கன்னுதான் சார் தெகிரியமா இருந்தேன்” என்றாள். திட்டியிருக்கலாம். ஏன் திட்டல? என்ன பண்ணிட்டேன் நான் — கதவைப் பத்தி ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதாம இருந்திருந்தா...

ஏப்ரல் 9

விபத்து நடந்த அன்று மாலையே கதவை மாட்டிவிட்டார்களாம். இன்று முதலாளி டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். தொழிலாளி அனுமதியின்றித் தானே கதவைக் கழற்றினான், கவனக்குறைவு. கண்டவர், சூப்பர்வைசர் ஜெயபால்.

“யோசிச்சு, இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சௌந்தரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே படித்தாள். “போட்டா என்ன ஆகும், போடாட்டி என்ன ஆகும், ரெண்டும் எனக்குத் தெரியும். என்னக் கேக்காதீங்க” என்றாள்.

ஏப்ரல் 12

இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி பக்கத்திலேயே இருந்தார். மார்ச் இரண்டாம் தேதி கதவைக் கழற்றினார்கள், அதற்குக் காரணம் என் அறிக்கை என்று சொன்னேன். பிரதி ஒன்றையும் கொடுத்தேன்.

முதலாளி குரலை உயர்த்தவில்லை. “நல்லாத்தான் படிக்க வச்சிருக்கேன்” என்றார்.

ஏப்ரல் 30

வேலை போயிற்று. இரண்டு வரிக் கடிதம். சான்றிதழ் பிறகு தருவார்களாம்.

ஜூன் 3, ஞாயிறு

கோயிலில் யாரும் சுவரின் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

ஜூன் 18

வேம்புலி வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றான்.

“நானேதான் கதவ கயட்டினேன்னு எய்தி குடுத்துட்டேன் சார்.”

“ஏன் வேம்புலி? நான் உண்மையச் சொல்லியிருக்கேனே.”

“நீ சொன்னது தெரியும் சார். வாட்ச்மேன் வேலை தர்றேன்றாங்க. மூணு பொண்ணு கீது. இந்தக் கைய வச்சிகினு வேற எவன் சார் எனுக்கு வேலை குடுப்பான்?” தலையைக் குனிந்துகொண்டான். “உன்னிய பொய்யனாக்கிட்டேன்.”

சௌந்தரி காப்பி கொண்டுவந்தாள். இடது கையால் டம்ளரைப் பிடித்ததில் சிந்திவிட்டது. அவளே துடைத்தாள். அவன் எழுதிக் கொடுத்ததற்கு வகுப்பில் ஒரு பெயர் இருக்கும்.

ஜூலை 10

பூந்தமல்லியில் மரவாடியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் பாதி.

ஆகஸ்ட் 27

பத்து வருடம் வேலை பார்த்ததற்கான சான்றிதழை வாங்க அம்பத்தூர் போனேன். கேட்டில் வேம்புலி. காக்கிச் சட்டை அவனுக்குப் பெரிது. வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான். உள்ளே ஆபீஸ் ஜன்னலில் மேனேஜர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்கணும்?” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

சொன்னேன்.

“பேரு?”

“ஜெயபால்.”

வருகிறவர்கள் பெயரை எழுதும் நோட்டில் இடது கையால் எழுதினான். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயின. ‘ஜெ’ போடவே வெகு நேரமாயிற்று. நெற்றியில் வியர்வை.

“நெழல்ல நில்லு சார்” என்றான், உதடு அசையாமல்.

நோட்டில் அடுத்த கட்டம், எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறார் என்பது. அதை அவன் என்னிடம் கேட்கவில்லை. ‘நம்ம கம்பெனி’ என்று அவனாகவே எழுதிவிட்டு, கேட்டைத் திறந்தான்.