முந்திரி மரத்தடி மண்

இரும்பை கிராமத்தில் இருந்த நம் தோட்டத்தை நேற்று விற்றுவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் முந்திரி மரத்தடிச் சருகைக் கிளறிப் பார்த்தேன். அந்த ஈர வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. மரக்காணத்துக்குத் திரும்பி, உப்பு மண்டியில் தனியாக உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நாம் அங்கே கூட்டாக ஆர்க்கிட் பூப் பண்ணை வைத்தபோது எனக்கு உப்பு மட்டும்தான் தெரியும். பாத்தியைச் சுரண்டி, மிதித்து, சுத்தமாக வைத்தால் உப்பு வெள்ளையாக வரும். நீ ஊரில் இல்லாத வாரம், அதே பழக்கத்தில், வெள்ளை நூல் படர்ந்திருந்த தொட்டி மண்ணைக் கொட்டி, வேரைக் கழுவி, புது மண் போட்டேன். வெயில் படும் பக்கம் இருந்தவை சமாளித்துக்கொண்டன. மர நிழலில் இருந்தவை துவண்டு போயின.

"ஏம்பா, நீ குப்பையக் கொட்டல, அதுங்க சோத்தக் கொட்டிட்ட" என்றாய். அந்த நூல் பூஞ்சையாம். ஆர்க்கிட் விதை வெறும் தூசி, உள்ளே சாப்பாடு கிடையாது, பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும் என்றாய். இலை விட்டு வெளிச்சம் கிடைத்த செடி தானே சமைத்துக்கொள்ளும், பூஞ்சையின் தேவை குறையும். நிழலில் கிடப்பது அதையே நம்பிக் கிடக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெயிலில் வைத்துவிடலாமே என்றேன்.

"இது என்னப்பா உப்பா, வெயில்ல வெளையறதுக்கு?" என்று சிரித்தாய்.

இப்போது மண்டியில் நான் எது சொன்னாலும் "சரிங்க" என்கிறார்கள். மறுத்துப் பேச ஆளில்லை. பழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு பண்ணையை நடத்தவும் முடியவில்லை.

வாங்கியவர் கிளியனூர்க்காரர். மரத்தை வெட்டி, "மொத்த மண்ணுக்கும் மருந்து ஊத்தி சுத்தம் பண்ணிடுவேங்க" என்றார். என் பழைய குரலையே கேட்டது போலிருந்தது. நான் கிளறிய சருகுக்குள் நாம் விதைக்காத ஆர்க்கிட் நாற்றுகள், அரிசி அளவில், பச்சையாக எட்டிப் பார்த்தன. நீ பார்க்காமல் போனவை.

அந்த மூலை மட்டும் கிடையாது என்றேன். ஏன் என்று கேட்டார்.

"அதுல என் கூட்டாளிக்குப் பங்கு இருக்குதுங்க."

பேசி முடித்தது இதுதான்: நிலம், கிணறு, மோட்டார், தொட்டிகள் அவருக்கு. முந்திரி நிற்கும் மூலை எனக்கு. அங்கே சருகைக் கூட்டக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது. நான் எப்போது வந்தாலும் கேட்டைத் திறந்துவிட வேண்டும்.