வரிசை மாறிய படங்கள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சுதான் போயிருக்கிறதே தவிர, காது கூர்மையாகத்தான் இருக்கிறது.

பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. கால் தேறிவிட்டது, கடைத்தெரு வரை நடக்கிறார். வார்த்தைதான் வர மாட்டேன் என்கிறது. இருபத்தெட்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, கிளட்ச்சை மெதுவாக விடு என்று தொண்டை கிழியக் கத்திய மனுஷர், இப்போது உப்பு வேண்டுமென்றால் டப்பாவை முறைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. மெஷினுக்குள் படுக்க வைத்துப் பொருள்களின் படத்தைக் காட்டுவார்கள், அவர் பெயர் சொல்ல வேண்டும். அப்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அது கலராகத் தெரியும். முதல் தடவை வலது பக்கம்தான் தெரிந்தது. அப்பாவுக்குப் பேச்சு இடது பக்கத்து வேலை. அது அடிபட்டதால் வலது பக்கம் பழக்கமில்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திணறுகிறது என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி பலித்தால், அடிபட்ட இடத்தைச் சுற்றி உள்ள பகுதி வேலை செய்ய ஆரம்பிக்கலாமாம். அப்படித் தெரிந்தால்தான் பயிற்சியை நீட்டிப்பார்கள்.

இங்கேதான் உன் அம்மாவின் புத்தி வேலை செய்தது. பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கு நாற்பது பட அட்டைகள் தந்திருந்தாள். கணக்கு டீச்சர் கை சும்மா இருக்குமா? பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது போல, காலையும் மாலையும் ஒரே வரிசையில் உருப்போட வைத்தேன். சாவி, குடை, நாற்காலி என்று கடகடவென்று சொன்னார். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் அழைத்துப் போனேன். அங்கே அதே படங்களை வரிசை மாற்றிக் காட்டினார்கள். குதிரையைக் காட்டினால் சாவி என்கிறார், கத்தரிக்கோலைக் காட்டினால் குடை என்கிறார். ஒன்று, இரண்டு எண்ணுவது போல ஒப்பித்திருக்கிறார், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் அன்றைக்கு எடுத்த மூளைப் படத்தையே ஒதுக்கிவிட்டார். அடுத்த மாதம் மறுபடி எடுப்பார்கள். அதிலும் மாற்றம் இல்லையென்றால் பயிற்சியில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல், வரும் வழியில் டாக்சிக்காரரிடம் சண்டை போட்டேன்.

பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க முந்திக்காதீங்கம்மா. அவரே தேடி எடுக்கட்டும், தேடுறதுதான் பயிற்சி" என்றாள். சொல்வதற்கு என்ன? வாயைத் திறந்தபடி அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே தெரியும். பாதி நாள் சமையலறைக்குள் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் மேலும் கோபம்தான், மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாய். கேட்ட கையோடு, சரிப்பா, அம்மாகிட்ட கொடுங்க என்றாய். அந்த மௌனத்தை உன்னால் தாங்க முடியவில்லை, எனக்குப் புரிகிறது. நாம் பேசி முடித்ததும் அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, "சாப்பிட்டேன்" என்றார். தெளிவாகச் சொன்னார். எந்த அட்டையிலும் இல்லாத சொல், நான் சொல்லிக்கொடுக்காத சொல். அதைக் கேட்க அந்தப் பக்கம் நீ இல்லை.

மெஷின் என்ன காட்டுமோ எனக்குத் தெரியாது. அடுத்த முறை கூப்பிடும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேள். கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் போனை வைக்காமல் இரு. நீ நன்றாக இருப்பாய், கண்ணு.

உன் அம்மா